விசிலை மட்டும் எடுத்து வந்தேன்: ஓர் ஓய்வுபெற்ற ஹவில்தாரின் அனுபவம்

1993-இல், பத்தொன்பது வயதில், பெங்களூரு அல்சூர் ஏரிக்கு அருகே உள்ள மெட்ராஸ் பொறியாளர் படைப்பிரிவின் மையத்தில் சாப்பராக, அதாவது பொறியாளர் படையின் சிப்பாயாகச் சேர்ந்தேன். 2017-இன் இறுதியில், 24 ஆண்டுப் பணி முடித்து ஹவில்தாராக வெளியே வந்தேன். அதன் பிறகு இரண்டே ஆண்டுகளில் 7,40,000 ரூபாயையும் பதினான்கு பேர் கொண்ட ஒரு நல்ல குழுவையும் இழந்தேன். பணம் போனதற்கு ஐந்தாறு காரணங்களை என்னால் அடுக்க முடியும்; குழு கலைந்ததற்கு நான் ஒருவன்தான் காரணம். எங்கள் வேலூர் மாவட்டத்தில் முன்னாள் படைவீரர்களுக்குப் பஞ்சமே இல்லை. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே மக்கள் அழைப்பார்கள். அப்படிப்பட்ட வட்டாரத்தில் இருந்தும், படையில் இருந்தவன் வெளியே வந்து பத்துப் பேரை வைத்து வேலை வாங்கும்போது எங்கே சறுக்குவான் என்பதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அன்றைய மிடுக்கில் கேட்டிருக்க மாட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த தொகை ஏறத்தாழ 22 லட்சம். பணிக்கொடை, சேமிப்பு நிதி, எடுக்காத விடுப்புக்கான பணம், ஓய்வூதியத்தில் பாதியை முன்கூட்டியே ஒப்படைத்துப் பெற்ற தொகை எல்லாம் சேர்ந்த கணக்கு அது. கடைசியாகச் சொன்னதைப் பலரும் சரியாகப் புரிந்துகொள்வதில்லை. அது அரசு தரும் பரிசன்று. நமது வருங்கால ஓய்வூதியத்தை நாமே முன்கூட்டி எடுத்துச் செலவு செய்வது. அந்தப் பாதி மீண்டும் மாத ஓய்வூதியத்துடன் சேர 15 ஆண்டுகள் ஆகும். வீட்டுக் கடனுக்கு 9 லட்சத்தைக் கட்டினேன். மீதியில் பெரும்பகுதியை எடுத்து, 2018 ஜூன் மாதம், தொழிற்சாலைகளுக்கு இரும்புக் கொட்டகை அமைத்துத் தரும் எரெக்‌ஷன் தொழிலைத் தொடங்கினேன். ஓய்வு பெறுமுன் மறுவாழ்வுக்கென்று அரசு நடத்தும் பயிற்சிகள் உண்டு. 24 வாரம் வரை ஒரு தொழிலை முறையாகக் கற்றுக்கொள்ளலாம். இருபது ஆண்டுகள் பாலம் கட்டியவனுக்குக் கொட்டகை கட்ட என்ன பயிற்சி என்று நினைத்து, அந்த நாட்களை ஊருக்கு வந்து கழித்துவிட்டேன். எனது முதல் நஷ்டத்தை அங்கிருந்துதான் கணக்கிட வேண்டும்.

வேலை தெரியாதவன் அல்லன் நான். வெல்டர், ஃபிட்டர், ஹெல்பர் என்று உள்ளூர்க்காரர்கள் எட்டுப் பேரும் பீகார், ஒடிசாவிலிருந்து வந்த ஆறு பேரும் சேர்ந்தார்கள். எனக்கு இந்தி சரளமாக வரும் என்பதால் வடமாநிலத்தவரிடம் பேசுவதில் சிரமம் இருக்கவில்லை. “மிலிட்டரிக்காரர், ஆள் மேய்க்கத் தெரியும்” என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டு எனக்குப் பெருமையாகவும் இருந்தது. முதல் நாளே விசில் ஒன்றை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். காலை ஏழரைக்கு அனைவரும் வரிசையில் நிற்க வேண்டும், ஐந்து நிமிடம் தாமதித்தால் அரை நாள் கூலி பிடிக்கப்படும், வேலை நேரத்தில் கைப்பேசி கூடாது, கேள்வி இருந்தால் வேலை முடிந்த பிறகு கேட்க வேண்டும் என்பவை என் விதிகள். இரண்டு வாரம் எல்லாம் ஒழுங்காக நடப்பதைப் போலத் தெரிந்தது. அமைதியாக இருக்கும் இடத்தில் ஒற்றுமை இருப்பதாக நினைத்துக்கொண்டேன். தலைமைப் பொறுப்பில் புதிதாக உட்காருகிறவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் எச்சரிக்கை இதுதான். உங்கள் எதிரில் யாருமே மறுத்துப் பேசவில்லை என்றால், அவர்கள் எங்கே பேசுகிறார்கள் என்று உடனே தேடத் தொடங்குங்கள்.

மூன்றாம் வாரம், வரிசையில் நின்ற இருபத்திரண்டு வயது ஃபிட்டர் பையன் ஒருவன், “அண்ணா, மேலே ஏறுகிறவங்களுக்கு பெல்ட் ரெண்டுதான் இருக்கு, ஏறுறது நாலு பேரு” என்று சொன்னான். முற்றிலும் நியாயமான பேச்சு. நானோ, பதினான்கு பேர் முன்னிலையில் அவன் என்னைத் திருத்திவிட்டான் என்பதை மட்டுமே கேட்டேன். “வரிசையில் நிற்கும்போது வாய் திறக்கக் கூடாது என்று சொன்னேனா இல்லையா?” என்று கத்தினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். மறுநாள் பெல்ட்டுகள் வாங்கிக் கொடுத்தேன் என்பது உண்மை. ஆனால் அவனிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்த அரை நிமிடக் கூச்சலுக்கு நான் கட்டிய விலை எவ்வளவு என்பது நான்கு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

ராணிப்பேட்டை அருகே ஒரு தொழிற்பேட்டையில் 80 அடிக்கு 150 அடி கொட்டகை. கூலி மட்டும் 9 லட்சம். தூண்களை நிறுத்துவதற்காகக் கான்கிரீட் அடித்தளத்தில் பதிக்கும் ஆங்கர் போல்ட்டுகளின் இடத்தை நாங்கள்தான் குறித்துக் கொடுத்தோம். இடையில் டிராயிங் ஒன்று திருத்தப்பட்டு வந்தது. ஒரு வரிசைக்குப் பழைய தாளையே பார்த்துக் குறித்துவிட்டோம். கான்கிரீட் இறுகிய பிறகு, ஹைட்ரா கிரேனை நாள் வாடகை 9,000 ரூபாய்க்கு வரவழைத்து முதல் தூணைத் தூக்கி இறக்கினால், அடித்தட்டின் ஓட்டைகள் போல்ட்டுகளுக்கு நேராக வரவில்லை. 45 மில்லிமீட்டர் விலகல். ஏழு தூண்களுக்கும் அதே நிலை. ஓட்டையைப் பெரிதாக்கிச் சமாளிக்கலாம் என்று பார்த்தேன். அந்நிறுவனத்தின் பொறியாளர் ஒப்புக்கொள்ளவில்லை, அவர் செய்தது சரிதான். பழைய போல்ட்டுகளை அறுத்தெறிந்து, புதிதாகத் துளையிட்டு, துளைக்குள் பசையால் போல்ட்டை இறுக்கும் கெமிக்கல் ஆங்கர் வைத்து, மீண்டும் சோதித்து முடிக்கப் பதினொரு நாள் ஆனது. கிரேன் சும்மா நின்ற வாடகை, கூலி, பொருள் எல்லாம் சேர்த்து 2,60,000 ரூபாய். தாமதத்துக்காக அவர்கள் பிடித்துக்கொண்டது 1,50,000 ரூபாய்.

பணத்தைவிட வலித்தது வேறொன்று. கான்கிரீட் ஊற்றுவதற்கு முந்தைய மாலையே அந்த ஃபிட்டர் பையன் டேப்பை வைத்து அளந்து, அளவு இடிக்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறான். பக்கத்தில் இருந்த வெல்டரிடம் சொல்லியும் இருக்கிறான். “நீ போய்ச் சொன்னால் உன்னைத்தான் கத்துவார், அவருக்குத் தெரியாமலா இருக்கும்?” என்று அவர் சொன்னதும் டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டான். இதை எனக்குச் சொன்னது அவனல்லன், வேலையை விட்டுப் போன ஒரு ஹெல்பர், பின்னொரு நாள், ஆற்காடு பேருந்து நிலையத்தில். நான் கையில் வைத்திருந்த தேநீரைக் குடிக்காமலேயே வைத்துவிட்டு வந்தேன்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ராணுவத்தில் எங்களுக்கு யாரும் இப்படி வாயைக் கட்டவில்லையே என்ற நினைவு திரும்பத் திரும்ப வந்தது. எங்கள் தொழிலில் பெரியது பெய்லி பாலம். இரண்டாம் உலகப் போரின்போது டொனால்ட் பெய்லி என்ற ஆங்கிலேயர் வடிவமைத்தது. இன்றும் வெள்ளத்தில் பாலம் அடித்துப்போன இடங்களில் அதைத்தான் போடுகிறார்கள். அதில் பூட்டும் பேனல் என்ற இரும்புச் சட்டகம் ஒன்று 10 அடி நீளம், 5 அடி உயரம், ஏறத்தாழ 260 கிலோ எடை. குறுக்கே கட்டைகளைச் செருகி ஆறு பேர் தூக்க வேண்டும். ஒத்த உயரம் உள்ளவர்களைப் பார்த்துத்தான் அந்த ஆறு பேரையும் நிறுத்துவார்கள். இல்லாவிட்டால், நெட்டையன் தோளில் எடை இறங்கும், குட்டையன் வெறுமனே கட்டையைத் தொட்டுக்கொண்டு நடப்பான். பேனல்களை ‘பின்’ எனும் இரும்பு ஆணிகளை அடித்து இணைத்து, உருளைகளின் மேல் வைத்து, ஆற்றுக்கு மேலே அந்தரத்தில் தள்ளிக்கொண்டே போக வேண்டும். முன்னால் எடை குறைந்த ஒரு மூக்குப் பகுதி எதிர்க்கரையை நோக்கி நீளும். அது அக்கரையைத் தொடும் வரை, மொத்தப் பாலத்தின் எடை மையம் உருளைகளுக்குப் பின்னாலேயே இருந்தாக வேண்டும். கணக்குத் தவறினால் மூக்கு குப்புற விழுந்து பாலம் ஆற்றுக்குள் போய்விடும். கட்டளை ஒரே ஒருவரிடமிருந்து வரும், அதில் விவாதமே கிடையாது. ஆனால் ஒரு ‘பின்’ சரியாக இறங்கவில்லை என்று யார் கண்ணில் பட்டாலும், அவன் நேற்றுச் சேர்ந்த சாப்பராக இருந்தாலும், “ரோக்கோ” (நிறுத்து) என்று கத்த வேண்டும். கத்தினால் எல்லாம் நிற்கும். கத்தியது தவறாக இருந்தாலும் யாரும் திட்டியதில்லை. கத்தாமல் இருந்ததற்கு வாங்கிய தண்டனையைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் எங்கள் பிளாட்டூன் தரையில் வட்டமாக உட்காரும். எங்கே நேரம் போனது, எது இடித்தது என்ற பேச்சை எங்கள் சுபேதார் எப்போதும் வயதில் குறைந்தவனிடமிருந்து தொடங்குவார். மூத்தவர் முதலில் கருத்துச் சொல்லிவிட்டால், இளையவன் அதற்குத் தலையாட்டுவதோடு நிறுத்திக்கொள்வான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இதையெல்லாம் இருபது ஆண்டுகள் அனுபவித்த நான், வெளியே வரும்போது எனக்குப் பிடித்த பகுதியான விசிலை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதிகாரம் கண்ணுக்குத் தெரிகிறது. அதைத் தாங்கிப் பிடிக்கும் பழக்கங்கள் தெரிவதில்லை. ராணுவத்தைப் படத்தில் மட்டும் பார்த்தவர்கள் அங்கே கத்துவதைத்தான் தலைமை என்று எண்ணுகிறார்கள். உள்ளே இருந்தவனும் அதே தவறைச் செய்வான் என்பதற்கு நானே சாட்சி.

கொட்டகை வேலையின் பில்லில் பணம் பிடிக்கப்பட்டதால் கூலி தள்ளிப்போனது. சனிக்கிழமைதோறும் கூலி கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஒரு சனிக்கிழமை இல்லை என்றேன், அடுத்த சனிக்கிழமை பாதி கொடுத்தேன். இதில் வேடிக்கை என்னவென்றால், அதே வாரத்தில்தான், 1944 பிப்ரவரியில் இத்தாலியில் கண்ணிவெடியின் மேல் தன் உடலையே போட்டு உடனிருந்தவர்களைக் காப்பாற்றி ஜார்ஜ் கிராஸ் பதக்கத்துக்கு உரியவரான எங்கள் படையின் சுபேதார் சுப்பிரமணியனின் கதையை, தியாகத்துக்கு உதாரணமாக, தொழிலாளர்களிடம் உருக்கமாகச் சொன்னேன். அனைவரும் அடக்கமாகக் கேட்டார்கள். திங்கட்கிழமை ஐந்து பேர் வரவில்லை. அவர்களிடம் ஏற்கெனவே கொடுத்திருந்த அட்வான்ஸில் திரும்பாமல் போனது மொத்தம் 1,85,000 ரூபாய். தியாகம் செய்தவரின் கதையைச் சொல்லும் தகுதி, கூலியைத் தள்ளிப் போடுகிறவனுக்குக் கிடையாது என்று இப்போது தோன்றுகிறது. ராணுவத்தில் சம்பளம் வருமா என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை. யோசிக்க வேண்டியிராததால்தான் பாலத்தைப் பற்றி யோசிக்க முடிந்தது. சிறு குழு நடத்துகிறவர்கள் நான்கு வாரக் கூலியைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு, அதைத் தொழில் முதலாகவே கருதாமல் இருப்பது நல்லது. அது இல்லாமல் ஒப்பந்தம் எடுக்காதீர்கள்.

2019 டிசம்பரில் கடையை மூடினேன். வெல்டிங் மெஷின்களையும் பழைய டாடா ஏஸ் வண்டியையும் விற்றதில் 1,45,000 ரூபாய் நஷ்டம். மொத்தக் கணக்கு 7,40,000. மனைவி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் கடினமாக இருந்தது. முன்னாள் படைவீரர் கேண்டீனுக்குப் போனால் பழைய நண்பர்கள் “தொழில் எப்படிப் போகிறது?” என்று கேட்பார்களே என்று, அந்த நாட்களில் சாமான்களை வெளிக்கடையில் கூடுதல் விலை கொடுத்து வாங்கினேன். “இந்தக் காலத்துப் பையன்களுக்குக் கட்டுப்பாடு இல்லை” என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பேருந்து நிலையத்தில் அந்த ஹெல்பரைச் சந்தித்த பிறகுதான் அந்தப் பேச்சை நிறுத்தினேன்.

2020 பிப்ரவரியில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கட்டுமான இடத்தில் மாதச் சம்பளத்துக்குச் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். ஒரு மாதத்தில் ஊரடங்கு வந்துவிட்டது. தகரக் கொட்டகையில் பதினொரு பேர், பீகாரும் ஒடிசாவும், ஊருக்குப் போக ரயில் இல்லை. நான் நினைத்திருந்தால் இருசக்கர வண்டியில் வீட்டுக்கு வந்திருக்கலாம். அவர்களை விட்டுவிட்டு வர மனம் ஒப்பவில்லை, அதை வீரம் என்று சொல்ல மாட்டேன், வீட்டுக்குப் போய் முகத்தைக் காட்டக் கூச்சமும் ஒரு காரணம். அரிசி, பருப்பு, உருளைக்கிழங்கு எவ்வளவு இருக்கிறது என்று எல்லோர் முன்பும் எண்ணி, சுவரில் கரித்துண்டால் எழுதி வைத்தோம். ராணுவப் பொதுச் சமையலறையான லங்கரைப் போல முறை வைத்துச் சமைத்தோம். பீகார்க்காரர் சமைக்கும் நாளில் ஒடிசாக்காரர் பாத்திரம் கழுவுவார், மறுநாள் மாறும். நான் கடைசியில் தட்டை எடுப்பேன். முதல் வாரம் பருப்பு எனக்கு மிஞ்சவில்லை. இரண்டாம் வாரம் சமைத்தவர் யார் என்ற வேறுபாடில்லாமல் எனக்கென்று ஒரு கிண்ணம் மூடி வைக்கப்பட்டிருந்தது. மே மாதம் சிறப்பு ரயில்கள் விட்ட பிறகு அவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பும் வரை, அங்கே நான் ஒரு முறைகூட விசில் ஊதவில்லை. யாரும் என்னை எதிர்த்துப் பேசவே இல்லை என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு நாளும் எதிர்த்துப் பேசினார்கள், உப்பு முதல் உறங்கும் இடம் வரை. ஆனால் ஒருவரும் விலகிப் போகவில்லை.

அந்த நாட்களில்தான் எனக்கு ஒரு கணக்கு பிடிபட்டது. ராணுவத்தில் நான் ஒரு சாப்பரிடம் “தூக்கு” என்று சொன்னபோது அவன் தூக்கியதற்கு என் குரல் காரணமாக இருக்கவில்லை. அவனுக்குச் சம்பளம் தேதி தவறாமல் வரும், காயம் பட்டால் மருத்துவமனை இருக்கிறது, அவன் இறந்தால் குடும்பத்துக்கு ஓய்வூதியம் உண்டு, நான் அநியாயம் செய்தால் மேலே சொல்ல வழியும் உண்டு. மறுத்தால் தண்டிக்கச் சட்டமும் இருந்தது. இவ்வளவும் எனக்குப் பின்னால் நின்றதால் என் ஒரு சொல் வேலை செய்தது. வெளியே வந்தவுடன் பின்னால் நின்ற எல்லாம் மறைந்துவிட்டன. சொல் மட்டும் மிஞ்சியது. கொட்டகைக்கு வரும் ஹெல்பருக்கு நான் அந்த வாரத்துக் கூலியைத் தவிர வேறெதையும் கொடுக்கவில்லை. பிடிக்காவிட்டால் அடுத்த தெருவில் வேறு மேஸ்திரி இருக்கிறார். ராணுவ ஒழுங்கை அலுவலகத்துக்கும் தொழிலுக்கும் கொண்டுவர ஆசைப்படுகிறவர்கள், பின்னால் நிற்பதை முதலில் சிறிய அளவிலாவது ஏற்படுத்த வேண்டும்: தேதி தவறாத கூலி, விபத்துக் காப்பீடு, முறையிட ஓர் ஆள். அதற்குப் பிறகு ஒழுங்கைப் பற்றிப் பேசலாம்.

2021-இல் மீண்டும் தொடங்கினேன். இம்முறை போட்ட முதல் 3 லட்சம் மட்டும், ஓய்வூதியத்தைத் தொடவில்லை. ஊருக்குப் போயிருந்த பதினொரு பேரில் நான்கு பேர் தாமாகவே தொலைபேசியில் கேட்டு வந்து சேர்ந்தார்கள். இந்த முறை ராணுவத்திலிருந்து எதை எடுப்பது என்று யோசித்துத்தான் எடுத்தேன். 2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு படைகள் எல்லைக்குப் போனபோது, ராஜஸ்தான் பகுதியில் கண்ணிவெடி பதிக்கும் வேலையில் எங்கள் கம்பெனியும் இருந்தது. ஒவ்வொரு வெடியும் எங்கே இருக்கிறது என்பதை, அசையாத ஓர் அடையாளத்திலிருந்து அளந்து, தாளில் பதிவு செய்ய வேண்டும். பதித்தவனே எடுக்க வருவான் என்பது உறுதியில்லை. வேறொரு பிரிவு மாதக் கணக்கில் கழித்து வரும். பாலைவனத்து மணலோ காற்றுக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். அந்தத் தாளில் பிழை இருந்தால், அதை எழுதியவனுக்குத் தெரியாத ஒருவன் காலை இழப்பான். முகம் பார்க்காதவனுக்காகக் கவனமாக எழுதுவதும் கூட்டு வேலைதான் என்பதை அங்கே கற்றேன். இப்போது எங்கள் இடத்தில் மாலை வேலை முடிந்ததும், எந்த போல்ட் முறுக்கியாயிற்று, எது வெறுமனே மாட்டப்பட்டிருக்கிறது, எந்த வெல்டிங் பாதியில் நிற்கிறது என்பதை டிராயிங்கின் மேலேயே சிவப்புப் பேனாவால் குறித்துவிட்டுத்தான் போக வேண்டும். திருத்திய டிராயிங் வந்தால் பழையதை அன்றே கிழித்துப் போடுகிறோம். இதற்குத் தினமும் கால் மணி நேரம் ஆகிறது. அந்தக் கால் மணிக்கும் கூலி உண்டு.

லடாக்கில் இருந்தபோது பழகிய இன்னொரு முறையையும் எடுத்துக்கொண்டேன். உயரமான மலைக்குப் போகும் எவரும், 9,000 அடிக்கு மேல் ஆறு நாள், 12,000 அடிக்கு மேல் நான்கு நாள், 15,000 அடிக்கு மேல் நான்கு நாள் என்று உடலைப் பழக்கிக்கொண்டுதான் மேலே போக முடியும். அவசரம் என்று சொல்லியோ, அதிகாரி என்பதாலோ அதைத் தாண்ட முடியாது. தாண்டினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். என் முதல் தொழிலில், சேர்ந்த அன்றே ஒரு பையனை 25 அடி உயரத்தில், கூரைத் தகடுகளைத் தாங்கும் பர்லின் சட்டத்தை மாட்ட ஏற்றியிருக்கிறேன். அவன் விழவில்லை என்பது என் அதிர்ஷ்டம். இப்போது புதிதாகச் சேர்பவர் முதல் பத்து நாள் தரையில்தான். ஒரு பழைய ஆளுடன் இணையாக இருப்பார். ராணுவத்தில் இதை ‘பட்டி’ (buddy, தோழன்) முறை என்போம். பனியில் உன் கால்விரல் கறுத்திருக்கிறதா என்று நீ பார்ப்பதற்கு முன் உன் இணை பார்ப்பான். உணர்ச்சி போன விரல் வலிக்காது என்பதால் உனக்கே தெரியாது. எங்கள் வேலையில், மேலே ஏறுபவரின் பெல்ட் கொக்கியை அவர் தாமே சரிபார்த்தால் போதாது, இணை இழுத்துப் பார்த்த பிறகே ஏறலாம். இணையின் தவறுக்கு இருவரும் பொறுப்பு என்ற ராணுவப் பழக்கத்தை மட்டும் கொண்டுவரவில்லை. அங்கே அது பாசத்தை வளர்த்தது. இங்கே கூலி பிடிக்கும் சாக்காக மாறிவிடும்.

வேண்டாம் என்று விட்டவை வேறும் உண்டு. எல்லார் முன்னிலையிலும் தண்டிப்பது, காரணம் சொல்லாமல் கட்டளையிடுவது, வலியை மறைப்பதை ஆண்மை என்று பாராட்டுவது ஆகியவை படைக்குள்ளேயே நல்லவையா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. மூட்டு வலியை மூன்று ஆண்டுகள் மறைத்து, இன்று படியேறச் சிரமப்படுகிற என்னைப் போன்றவர்கள் நிறைய. இதற்கு மாறாக, 1932-இல் டேராடூன் ராணுவ அகாடமியைத் திறந்து வைத்தபோது அன்றைய இந்தியப் படைத் தலைமைத் தளபதி சேட்வுட் பேசியதை இளம் அதிகாரிகள் இன்றும் மனப்பாடம் செய்கிறார்கள்: நாட்டின் நலம் முதலில், உன் கீழ் உள்ளவர்களின் நலம் அடுத்து, உன் சுகம் எப்போதும் கடைசி. அந்த வாசகத்தை நான் பலகையில் எழுதி மாட்டவில்லை. சனிக்கிழமை கூலி கொடுத்து முடித்த பிறகு மிஞ்சினால் எனக்கு என்று வைத்துக்கொண்டேன். இந்த நான்கு ஆண்டுகளில் மூன்று சனிக்கிழமைகள் எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அந்த மூன்றையும் அவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது. இப்போது ஒன்பது பேர்தான். பதினான்கு பேரை வைத்துக்கொள்ளும் அளவுக்கு வேலை வருகிறது. ஒன்பது பேருக்கு மேல் போனால் யாருடைய வீட்டில் என்ன நடக்கிறது என்பது எனக்குத் தெரியாமல் போய்விடும் என்பதால் ஏற்பதில்லை. ராணுவத்தில் சிறு பிரிவான எங்கள் செக்‌ஷனும் ஏறக்குறைய அந்த அளவில்தான் இருந்தது.

அந்த ஃபிட்டர் பையனைத் தேடிப் பிடித்து, 2022-இல் ஓசூருக்கே போய்ப் பார்த்தேன். தனியாக ஒரு சிறு குழு வைத்திருந்தான். மன்னிப்புக் கேட்டேன். அவனுக்கு மிகவும் சங்கடமாகிவிட்டது. “விடுங்கண்ணா, பழைய கதை” என்று திரும்பத் திரும்பச் சொன்னான். கிளம்பும்போது, அவனுடைய இடத்தில் ஆறு பேருக்கு எட்டு பெல்ட்டுகள் தொங்குவதைக் கவனித்தேன். அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டில் நிலச்சரிவு வந்து, சூரல்மலைக்கும் முண்டக்கைக்கும் இடையே இருந்த பாலம் போய்விட்டது. எங்கள் படைப்பிரிவினர் 190 அடி நீளத்தில், 24 டன் தாங்கும் பெய்லி பாலத்தை ஆகஸ்ட் 1 மாலைக்குள் போட்டு முடித்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கைப்பேசியில் அதை அனைவரும் சேர்ந்து பார்த்தோம். பேனலைச் சுமந்து வருகிறவர்களைப் பார்த்து ஒரு ஹெல்பர், “யார் அதிகம் சுமக்கிறாங்க, முன்னாடி இருக்கிறவரா பின்னாடி இருக்கிறவரா?” என்று கேட்டான். சரியாக நிறுத்தியிருந்தால் யாருக்கும் தெரியாது என்றேன். அவனுக்கு அந்தப் பதில் திருப்தியாக இல்லை; மாலையில் ராஃப்டர் என்ற கூரை உத்திரம் ஒன்றைத் தூக்கும்போது இடம் மாறி மாறி நின்று சோதித்துக்கொண்டிருந்தான்.

என் கோபம் முழுதாகப் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆகவே குழுவுடன் ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன். என் குரல் உயர்ந்தால், எங்கள் மூத்த வெல்டர் ஒன்றும் பேசாமல் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து என் எதிரில் வைப்பார். நான் அதை உட்கார்ந்து குடித்து முடிக்கும் வரை யாரும் எனக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. சென்ற மாதம் இரண்டு முறை வைத்தார். இரண்டாம் முறை நான் கத்தியதில் நியாயம் இருந்தது என்று இன்றும் நினைக்கிறேன், ஆனாலும் குடித்தேன்.